மாமா கிழித்த கறுப்புச் சீட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் கதைக்கக் கூச்சப்படுகிறவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரைப் பற்றி நான் எழுதாவிட்டால் யார் எழுதுவது? இப்போது அவர் உறங்கும் கபுறை அல்லாஹ் விசாலமாக்கட்டும்.

மாமா உம்மாவின் தம்பி. எண்பதுகளின் தொடக்கத்தில் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது ஒரு பெட்டிச் சீட்டு கொண்டுவந்தார். அவர் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடி அலுத்துக் கொடுத்தது. சீட்டு என்றதும் வாப்பாவின் முகம் மாறிவிட்டது. காசு வைத்து ஆடுவதில்லை என்று மாமா சத்தியம் பண்ணிய பிறகுதான் பாய் விரிக்க விட்டார்.

ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விமானம். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நாலு விமானக் கொம்பனிகள். ஒரு சீட்டு ஒரு பங்கு. எந்தக் கொம்பனியில் யாருக்குப் பங்கு அதிகமோ, அதன் இலாபம் அவருக்கு. இலாபம் என்பது புளியங்கொட்டை. ஒரேயொரு கறுப்புச் சீட்டும் இருந்தது. அதை எந்தக் கொம்பனியின் மேல் போட்டாலும் அது முறிந்துபோகும். வெல்கிறவருக்கு மாமாவின் பேனை போன்ற சின்ன டோர்ச். எனக்கு இரவும் பகலும் அந்த டோர்ச்சின் நினைவுதான்.

ராத்தா, அதாவது என் அக்கா, நீலச் சீட்டை மட்டும்தான் எடுப்பார். அவருடைய மாப்பிள்ளை, என் மச்சான், சவூதிக்குப் போன அன்று, வாலில் நீலம் பூசிய விமானம் அவரை ஏற்றிக்கொண்டு போனதைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்று பார்த்தவர் அவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். அதனால் மச்சான் இல்லாத குறை எங்கள் வீட்டில்தான் தெரிந்தது. அவரிடமிருந்து கடிதம் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அது எனக்கும் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியாது.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆடினோம். கறுப்புச் சீட்டு என் கைக்கு வந்தது. ராத்தாவின் முன்னால் நீலம் குவிந்து கிடந்தது. அதன் மேல் ஓங்கிப் போட்டேன்.

"நீலக் கொம்பனி முறிஞ்சிட்டு! எல்லாப் பிளேனும் விழுந்திட்டு!"

"வாய மூடுடா! மச்சான் பயணத்தில இரிக்கிற ஆள்!" என்று உம்மா கத்தினார்.

ராத்தா நீலச் சீட்டுகளின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

மாமா கறுப்புச் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது பழுதான சீட்டு மருமகன். செல்லாது" என்று சொல்லி இரண்டாகக் கிழித்தார்.

"மாமா அளாப்புறார்! கள்ள விளையாட்டு!"

"ஓம், அளாப்புறன்தான். வாப்பாக்கிட்டப் போய்ச் சொல்லு."

"நானும் பாத்தன், பழுதுதான்" என்றார் உம்மா, சீட்டைப் பார்க்காமலே.

டோர்ச்சை நீட்டினார் மாமா. அழுதுகொண்டே தட்டிவிட்டேன்.

"சரி, அழாத. நாளைக்குக் கொழும்புக்குப் போறன். நல்ல கறுப்புச் சீட்டு ஒண்டு வாங்கி வாறன்."

லீவு முடியச் சில நாட்களே இருந்தன. மாமா போனார். கசங்கிய சேட்டோடு திரும்பி வந்தவர், நேரே குசினிக்குள் போய் அடுப்படியில் நின்ற ராத்தாவிடம் மெல்ல ஏதோ சொன்னார். பிறகுதான் என்னிடம் வந்தார்.

"கொழும்பு முழுக்கத் தேடினன் மருமகன். கிடைக்கல்ல."

அவர் கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக் கந்தோர்களின் வாசலில் நின்று மச்சானைத்தான் தேடினார் என்பதும், கால் முறிந்து சவூதி ஆஸ்பத்திரியில் கிடந்த மச்சான் சுகமாகி ஊருக்கு வரப்போகிறார் என்றுதான் ராத்தாவிடம் சொன்னார் என்பதும் பெரியவனான பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்று நான் பார்த்ததெல்லாம் மாமாவின் வெறுங்கையைத்தான். நஷ்டத்துக்கு ஈடாக டோர்ச்சை வாங்கிக்கொண்டேன். குசினியிலிருந்து ஓடிவந்த ராத்தா அழுகையும் சிரிப்புமாக என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார்.

ஒரு சீட்டு கிடைக்காமல் போனதற்கு இவருக்கு ஏன் இவ்வளவு சந்தோசம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

எழுதி முடித்தது: ரமழான் தலைப்பிறை கண்ட வெள்ளிக்கிழமை.