பூனைக்காலியும் கூரைப்புடவையும்

நேற்றுக் கூரியரில் ஒரு டப்பா வந்தது. பூனைக்காலிப் பொடி. நரம்புக்கு, தெம்புக்கு, இன்னும் எதெதற்கோ நல்லது என்று போனில் வந்த விளம்பரத்தை நம்பி நான்தான் வாங்கினேன். முகர்ந்தால் மணமில்லை. கொஞ்சம் எடுத்துக் கழுத்தில் தடவியும் பார்த்தேன். அரிக்கவே இல்லை! இதெல்லாம் ஒரு பூனைக்காலியா?

நான் அறிந்த பூனைக்காலி முசரவாக்கம் ஏரிக்கரைப் புதர்க்காட்டில் மரத்துக்கு மரம் கொடியாய் ஏறிக் கிடந்தது. காய் பூனையின் காலேதான். வளைந்து, மேலெல்லாம் தவிட்டு நிறச் சுணை. அது பட்டவன் அரிப்பில் ஆடியே தீருவான். ஆனால் உள்ளே இருக்கும் விதையைப் பாலில் வேகவைத்துத் தின்றால் குதிரை பலம் வரும் என்று, நான் வேலை பார்த்த பட்டுக்கடையில் மூத்தவரான பாஷா பாய் சொன்னார். "மருந்துக்கடை சரக்கு வாணாம் மாப்ளே. காஞ்ச காயா நீயே பறிச்சாந்து துன்னு." எனக்குக் கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. பலம் எதற்கு என்று கேட்காதீர்கள், நீங்களும் ஒரு காலத்தில் புதுமாப்பிள்ளைதானே.

ஒருநாள் காலையில் சைக்கிளில் போய், துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பத்துக் காய் பறித்தேன். விதையை எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டு, புத்திசாலி மாதிரி அதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தேன். அன்று பார்த்து எனக்குப் பேசியிருந்த பெண்வீட்டார் கூரைப்புடவை எடுக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டுக்கடைக்காரன் புடவையைத் தன்மேல் கட்டித்தான் காட்ட வேண்டும். அரக்குச் சிவப்பில் ஒன்றை எடுத்து, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். பிடித்துக்கொண்டது அரிப்பு. கழுத்து, முதுகு, இடுப்பு! கொசுவத்தோடு குதித்தேன். தூணில் முதுகைத் தேய்த்தேன். கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை.

"இன்னாங்க இது, மாப்ளைக்கு சொறி இருக்குது! யாருமே சொல்லலியே. இந்த சம்பந்தம் வாணாம், எழுந்திருங்க!"

கல்யாணமே போச்சு என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொல்லலாம், ஆனால் எந்த வாயால் சொல்வது?

கல்யாணப் பெண்ணுக்கு முசரவாக்கம்தான் ஊர். கண்டுபிடித்துவிட்டாள். "எம்மா, அது பூனைக்காலிம்மா. துண்டுல சுணை ஒட்டிக்கினு இருக்குது பாரு."

அம்மா துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, அத்த இவரு எதுக்குப் பறிச்சாரு?"

பாஷா பாய் அவசர அவசரமாக, மடித்த புடவையையே மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

அதுவரை வாய் திறக்காத மாமனார் தொண்டையைச் செருமினார். "நான்தான் கேட்டேன். முட்டி வலிக்குதுன்னு."

அப்புறம் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய், சுணைக்கு மருந்தான மாட்டுச்சாணியை அள்ளி என் முதுகில் பூசிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "எத்தினி வெதை தேறிச்சு மாப்ளே? பாதி எனக்கு."

கல்யாணம் நடந்தது. அந்தப் புதர்க்காடு இன்று கல் நட்ட மனைகள். மாமனாரும் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவருக்குக் கடைசிவரை முட்டி வலித்ததே இல்லை.

நேற்று என் மனைவி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அம்மாவின் அதே குரலில் கேட்டாள். "இத்த எதுக்கு வாங்குனீங்க?"

நான் வாசலைப் பார்த்தேன். நான்தான் கேட்டேன் என்று சொல்ல யாரும் வரவில்லை.