எங்கள் கோவில் நீலமாக நின்ற வருஷம்

கும்மிடிப்பூண்டிக்கு நான் வாழவந்த வருஷம், எங்கள் காலனிக் கோவிலை இடிக்கலாமா வேண்டாமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. சீமை ராணியம்மா காலத்து வேதக்கோவில் அது. வெள்ளைக்காரத் துரைமார் படம் வரைந்து கொடுத்தார்கள். காலனிக்காரர்களின் பாட்டன்மார் செங்கல் அறுத்துச் சுட்டார்கள், பழவேற்காட்டுக் கிளிஞ்சலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சுண்ணாம்பாக்கினார்கள். கூம்பு வைத்த ஜன்னல், தடித்த சுவர். கூரை மட்டும் மழைக்கு ஒழுகும். பிரசங்கத்தின்போது பாதிச் சபை குடை பிடித்திருக்கும்.

அந்தக் கோவிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெள்ளையடிப்பது அந்த வருஷம் கல்யாணமான ஜோடிகளின் வேலை. கூலிக்கு ஆள் வைக்கக்கூடாது. "வெள்ளையடிக்காத கல்யாணம் உப்பு போடாத சோறு" என்பார்கள். பொதட்டூர்பேட்டையில் தாய்வீட்டில் இருந்தபோதே இதைக் கேள்விப்பட்டு, எப்போது சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கையில் பிடிப்போம் என்று பரபரத்துக்கொண்டு வந்தவள் நான். வந்து பார்த்தால், டிசம்பருக்குள் சுவரே இருக்காது என்கிறார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். புதிதாக வந்த தொழிற்பேட்டையில் அவருக்கு வேலை. எதற்கும் கான்கிரீட்தான் வேண்டும் அவருக்கு.

"மழ பெஞ்சா ஒழுவுது. இன்னும் எத்தினி நாளு குடை புடிச்சிக்கினு ஜெபம் பண்றது?" என்றார்.

மாமியார் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார். "கூரை ஒழுவுனா கூரைய மாத்துடா. தலவலின்னு தலையையா எடுப்பாங்க?"

"உனுக்கு இன்னாம்மா, நீ பூசிட்டுப் போய்ட்ட. ஸ்கூல்ல பேரு வாங்குனது நானு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னபிறகுதான் விஷயம் தெரிந்தது. மாமியார் புதுப்பெண்ணாக வந்து வெள்ளையடித்தபோது, பளிச்சென்று இருக்கட்டும் என்று சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்திருக்கிறார். சுண்ணாம்பு ஈரத்தில் வெளுக்காது, காய்ந்தால்தான் வெளுக்கும். அது தெரியாமல், இன்னும் வெளுக்கவில்லையே என்று மேலும் மேலும் நீலத்தைக் கொட்டியிருக்கிறார். மறுநாள் விடிந்ததும் பார்த்தால், கொக்கு மாதிரி நிற்கவேண்டிய கோவில் மீன்கொத்தி மாதிரி நிற்கிறது. ரயிலில் போனவர்கள்கூட எட்டி எட்டிப் பார்த்தார்களாம். அன்றிலிருந்து அவர் நீலக்காரி, என் வீட்டுக்காரர் நீலக்காரி மவன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் எல்லோரையும் வடக்குச் சுவர் ஓரம் நிற்கச் சொன்னார். எளாவூரிலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்திருந்தார். சுவர் புதுக்கூரையைத் தாங்கும் என்றால் கோவில் நிற்கும், தாங்காதென்றால் இடித்துவிடுவது என்று பேச்சு. மேஸ்திரி உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். தாம்பாளம் அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து கீழே விழுந்தது. என் உயிரே போய்விட்டது.

"பாத்தீங்களா, நான் சொன்னேனில்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

மேஸ்திரி விழுந்ததைக் கையில் எடுத்துத் திருப்பினார். "இன்னா நைனா இது, பரோட்டாவாட்டம் அடுக்கு அடுக்கா கீது?"

அவ்வளவுதான், கூட்டம் அவரை மொய்த்துக்கொண்டது. வருஷத்துக்கு ஒரு பூச்சு, பூச்சுக்கு ஒரு கோடு. உள்ளே சிவப்பாக ஒரு கோடு ஓடியது. யுத்த சமயத்தில் சுண்ணாம்பு கிடைக்காமல் செம்மண் பூசினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வருஷம். ஒருவர் தோள்மேல் ஒருவர் எக்கிக்கொண்டு, "இத்து எங்களுது", "போய்யா, அத்து எங்க அண்ணனுது" என்று அடித்துக்கொண்டார்கள். போதகரும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டி, தம்முடைய கல்யாண வருஷத்தைத் தேடினார்.

திடீரென்று யாரோ கத்தினார்கள். "ஏ நீலக்காரி, இங்க வந்து பாரு."

வெள்ளைக்கு நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு நீலக் கோடு. மற்றதெல்லாம் யாருடையது என்று சண்டை போடலாம். அதற்கு மட்டும் சண்டையே இல்லை. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் அந்தத் துண்டைக் கையில் வாங்கி, கோட்டின்மேல் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிக்கொண்டே இருந்தார்.

இதற்குள் மேஸ்திரி உள்ளே தெரிந்த செங்கல்லில் உளியை வைத்து ஓங்கி அடித்தார். வெண்கலப் பானையைத் தட்டினாற்போல் கணீரென்றது.

"செவுரு நிக்கும் சாமி. கூரைய மட்டும் மாத்துங்க."

போதகர் கூட்டத்தைப் பார்த்தார். இடிக்கணும் என்று ஒரு வாய்கூடத் திறக்கவில்லை, என் வீட்டில் உள்ளது உட்பட.

கூரை மாறியது, மழை நின்று டிசம்பர் வந்தது. மட்டை என் கைக்கு வந்தது. மாமியார் நீலத்தை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, தொட்டிக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் கொடுக்கமாட்டேன் என்று நின்றார். ஏணி மேலிருந்து என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

"ஏன்டா, ஊரு சிரிக்கவா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். பின்னால எவனாச்சும் தட்டிப் பாத்தா எங்களுதும் தெரியணுமில்ல?"

மாமியார் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். அவர் முடிச்சை மறுபடி அவிழ்த்தார்.