தாய் கட்டிக்கொடுத்த பணியாரம்

மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. "பாஸ்டர் மோசம் போட்டார்" என்றாள். நான் கத்தரிக்காயை நிறுத்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். சாவுச் செய்தி கேட்டும் அழுகை வரவில்லை, களைப்புத்தான் வந்தது. வியாழக்கிழமைகளில் இனி யார் சிறைக்குப் போவது என்பதே என் முதல் நினைப்பு. அவரை அறிந்தவர்கள் என்னை மன்னிக்கவேண்டும்.

போதகர் ஞானசீலனை ஒன்பது வருடம் மோட்டார் சைக்கிளில் அந்தச் சிறை வாசலுக்கு ஏற்றிப்போனவன் நான். கைதிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர், காவலருக்கு முன்னால் அதில் ஒரு வாய் தின்று காட்டவேண்டும். அவரோ சீனி வருத்தக்காரர், நீரிழிவு. நத்தார்ப் பண்டிகைக் கேக் என்றாலும் தானே கடிப்பார், என்னை விடமாட்டார். "பசியோடை இருக்கிறவன்ரை பங்கிலை ஒரு வாய் எடுக்கிறம். அந்த வெக்கம் என்னோடை போகட்டும்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அவருடைய கால் புண்ணுக்கு மருந்து கட்டத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகிறவனும் நான்தானே.

உள்ளே சுதன் என்றொருவன் இருக்கிறான். வேலிச் சண்டையில் சித்தப்பாவை வெட்டியவன். தாய் ஒருநாளும் பார்க்க வரவில்லை. "அம்மா வருவாவோ?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பான். கூட்டிவருகிறேன் என்று போதகர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. தாய் நெற்றியில் திருநீறோடு வந்து வேலிப் படலையைத் திறந்தார். "அம்மா, உங்கடை மகன் இப்ப எங்களோடை செபம் பண்ணுறான்" என்றார் போதகர், முகமெல்லாம் சிரிப்பாக.

"சிறை பாதியை எடுத்துது. மிச்சத்தை நீங்கள் எடுத்திட்டியளோ?" என்று கேட்டுவிட்டுத் தாய் படலையைச் சாத்தினார்.

திரும்பும் வழியில் கைதடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொன்னார் போதகர். பிறகு, "பிள்ளை சுகமாயிருக்கிறான் எண்டெல்லோ முதல் சொல்லியிருக்கவேணும். நான் எங்கடை பெருமையைச் சொல்லிப்போட்டன்" என்றார். எங்கள் ஊழியக்காரர் எல்லோரும் விடுகிற பிழைதான். அதைப் பிழை என்று ஒப்புக்கொண்ட வேறொருவரை நான் காணவில்லை.

அதன்பின் மாதம் ஒருமுறை போனோம். சாத்திய படலைக்கு வெளியே நின்று, "அம்மா, மகன் சுகமாயிருக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவார். இதற்கு ஏன் பெற்றோல் என்று நான் முணுமுணுப்பேன். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் படலையில் ஒரு பை தொங்கியது. சீனி போட்ட பயத்தம்பணியாரமும் சின்னப் பொட்டலத்தில் திருநீறும் இருந்தன.

"திருநீறை நாங்கள் கொண்டுபோறதோ?" என்றேன்.

"தாய் பிள்ளைக்குக் குடுத்தது. எங்களுக்கு அதிலை என்ன கதை?" என்றார். சபையில் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். அவர் மாதாமாதம் அந்தப் பையைக் கொண்டுபோனார். வாசலில் பணியாரத்தையும் கடித்தார்.

அடக்கத்தன்று அந்தத் தாய் பையோடு தேவாலய வாசலில் நின்றார். "இனி ஆர் கொண்டுபோறது?" என்று என்னிடம் கேட்டார். என்னால் ஏலாது என்று சொல்லத்தான் நினைத்தேன். "நீங்களே வாங்கோவன் அம்மா" என்று வந்துவிட்டது. சத்தியமாக, களைப்பில் சொன்னது.

வியாழக்கிழமை வந்தார். வாசலில் காவலர் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டச் சொன்னார். தாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சீனி வருத்தமெண்டு செத்தவீட்டிலை கதைச்சினம். அதோடை அந்த மனுசன் இதையோ தின்றவர்?"

"ஓம் அம்மா. ஒவ்வொரு முறையும்."

பையைத் திறந்தார். பிறகு ஒரு பணியாரத்தைப் பாதி கடித்து, மிச்சத்தைப் பைக்குள் வைத்தார்.

கம்பிக்கு அப்பால் சுதன் தாயைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். பை அவன் கைக்குப் போனது. முழுப் பணியாரங்களை விலக்கிவிட்டு, தாய் கடித்த பாதியை எடுத்து வாயில் போட்டான்.

அதைப் பார்க்கவேண்டியவர் போதகர், பார்த்தவன் நான். அவர் எனக்கு விட்டுப்போனது அதுவும், இனி வருகிற வியாழக்கிழமைகளும்தான்.