வழவழ மச்சான் இழைத்த சுவர்

என் அக்கா புருஷன் தச்சு வேலை செய்பவர். எல்லாருக்கும் அவர் 'வழவழ'. அவர் இழைத்த பலகையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும். கல்யாணத்தன்றே அக்கா கையைப் பிடித்து, "கொஞ்சம் சொரசொரன்னு இருக்கே" என்றாராம். அக்கா இன்னும் அதை மன்னிக்கவில்லை.

அறுபது வருஷத்து வீடு ஒன்றைப் புதுப்பிக்கக் கூப்பிட்டார்கள். அவருக்கு மர வேலை, எனக்குப் பெயின்ட். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். பார்வை போய் இரண்டு வருஷம். தனியாகத்தான் இருந்தார், சுவரைத் தடவியே நடப்பார்.

"சுவர் சில்லுனு இருக்கு, அப்பா கைக்கு இதமா மரம் போடுங்க" என்றாள் மகள். "அப்புறமும் தடுமாறினா, என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

மச்சான் வீடு முழுக்க இடுப்பு உயரத்துக்குத் தேக்குப் பலகை பதித்தார். மூன்று வாரம் கண்ணை மூடியபடியே இழைத்தார். மத்தியான வெயிலில் மரத்தூள் பொன்னாக மிதக்கும். அதற்குள் அவர் கனவில் நீந்துவார். கூப்பிட்டால் கரையேறவே கால் மணி நேரம் ஆகும்.

வேலை முடிந்தது. வாத்தியார் பலகையைத் தொட்டார். "வெண்ணெய் மாதிரி இருக்கேப்பா!" என்றபடி நடந்தார். நடந்து குளியலறைக்குள் போய் நின்று, "டீ போடும்மா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பழைய சுவரின் விரிசலும் ஆணியும் காரை பெயர்ந்த இடமும்தான் இத்தனை நாள் அவருக்கு வழி சொல்லியிருக்கின்றன. மச்சான் எல்லாவற்றையும் மூடிவிட்டார்.

"பெட்டி கட்டலாமாப்பா?" என்றாள் மகள்.

"ரெண்டு நாள் குடும்மா" என்றார் மச்சான்.

"இன்னும் இழைக்கணுமா மச்சான்?" என்றேன்.

"வாயை மூடிட்டு உளியை எடுடா."

வாத்தியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எங்கெங்க என்ன வேணும் சார், சொல்லுங்க" என்றார். பெற்ற பிள்ளையைக் கிள்ளுகிற முகத்தோடு முதல் கோட்டைக் கீறினார். சமையலறைப் பக்கம் கோடுகள். குளியலறை வாசலில் பிரம்புப் பின்னல். படுக்கையறை திரும்பும் இடத்தில் கெட்டிக் கம்பளித் துணி.

மூன்றாம் நாள் வாத்தியார் மெல்லக் கிளம்பினார். விரல்கள் பிரம்பைத் தாண்டின, கோடுகளில் ஏறின. "சமையலறை" என்றார். திரும்பி நடந்தார். "என் கட்டில்."

மகள் கண்ணை மூடி, சுவரில் கை வைத்து, அப்பா பின்னாலேயே நடந்தாள். மச்சானும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் அந்தத் தேன் நிற வெளிச்சத்தில் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்திருந்தேன், பெயின்ட் டப்பாவை யாராவது காப்பாற்ற வேண்டுமே!

நாலாவது சுற்றில் மகள் சொன்னாள், "நீங்க இங்கயே இருங்கப்பா."