ரம்புட்டான் பிடித்த கை

என் மனைவி கோபமாக இருக்கிறாளா என்பதை அவள் எந்தக் கையில் கரண்டி பிடித்திருக்கிறாள் என்று பார்த்தே சொல்லிவிடலாம். அமைதியாக இருந்தால் சோத்தாங்கை. கொதித்துவிட்டால் கரண்டி தானாக நொட்டாங்கைக்கு மாறிவிடும். கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்கு இது தெரிந்துபோனது. வெளியாருக்குத் தெரியாது. இடது கை என்று ஒன்று தனக்கு இல்லாதது போல அவ்வளவு கவனமாக நடந்துகொள்வாள்.

அந்தக் கவனம் றப்பர் மரத்திடம் பலிக்கவில்லை.

எங்கள் தோட்டம் இலங்கையில், தெரணியகலைப் பக்கம். நான் ஸ்டோரில் றப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவன். அவள் புல்லு வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். தொண்ணூற்றேழோ எட்டோ, மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் பால்வெட்டுக்கு ஆள் வேண்டும் என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். விடிந்ததும் போனால் மலையில் மரமும் தானும்தான், பின்னால் நின்று விரட்ட ஒருத்தரும் இல்லை என்று அதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. வெளிவேலைக்கெல்லாம் பொறுப்பான கண்டக்டர் ஐயா மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் கை படிந்தால் பேர் பதிவார். இல்லாவிட்டால் பழையபடி புல்லு.

எங்கள் மலையில் எல்லா மரத்திலும் வெட்டு ஒரே சாய்வு. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். அப்படி வெட்டினால்தான் பால் நிறைய வரும் என்பதால் அதை யாரும் மாற்ற முடியாது. கத்தியைச் சாய்வோடு இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி அடியெடுத்து வைத்தால் பட்டை மெல்லிய சுருளாக வரும். என் மனைவி சோத்தாங்கையால் இழுத்தால் முக்கால்வாசி ஒழுங்காகப் போகும், முடிகிற இடத்தில் கத்தி ஆழமாக இறங்கிவிடும். மரத்தில் காயம். காயத்துக்கு மருந்து பூச வேண்டும், அந்த இடத்தில் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது.

அவளுடைய மலைக்குக் கங்காணி என் மாமன் மகன், எனக்கு மச்சான். வாய் சும்மா இருக்காது. "தங்கச்சி, ஒன் மலைக்குள்ள வந்தா ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள வந்த மாதிரியே இருக்கு. ஒவ்வொரு மரமும் மருந்து போட்டுக்கிட்டு நிக்குது" என்பான். அவள் அங்கே சிரித்துவிட்டு வீட்டில் வந்து அழுவாள். இரண்டு மாதம் இப்படியே போனது.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் நல்ல மழை. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு சிங்கள அம்மா, எங்கள் பேச்சில் நோனா, வந்தார். பல்கலைக்கழகத்தில் மனிதர்களின் மனத்தைப் பற்றிப் படிப்பிக்கிறவர். மூளைக்கும் கைக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறாராம். ஒரே பக்கச் சாய்வாக வெட்டிய இத்தனை மரங்களுக்கு நடுவே இடக்கைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் எங்களிடம் வந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் சாமான் சுற்றிவந்த பேப்பரில் தமிழும், பஸ்ஸில் வாயாடிச் சிங்களமும் படித்துக்கொண்டவன் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் பாய் விரித்து, ஒவ்வொருவராகக் கேள்வி. கத்தரிக்கோலை எந்தக் கையால் பிடிப்பீர்கள் என்றால், கத்தரிக்கோல் டெய்லர் வீட்டில் இருக்கிறது, அவரைக் கேளுங்கள் என்றார்கள். கரண்டி பிடிப்பது எந்தக் கை என்றதற்கு ஒரு அக்கா, கரண்டியால் சாப்பிட எனக்கென்ன காய்ச்சலா என்றாள். நான் கத்தரிக்கோலைக் கத்தியாக்கினேன், சாப்பாட்டுக் கரண்டியைக் குழம்புக் கரண்டியாக்கினேன். என்ன மாற்றியும் பதில் ஒன்றுதான். எல்லாருக்கும் எல்லாமே சோத்தாங்கை. காரணம் எனக்குத் தெரியும். நொட்டாங்கைக்காரர்களைப் பிடித்துப் பால்வெட்டிலிருந்து நிறுத்தத்தான் நோனாவை அனுப்பியிருக்கிறார்கள் என்று நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு.

என் மனைவியின் முறை வந்தது. பாயைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் சோத்தாங்கைதாங்க" என்றாள். வாசலில் கங்காணி மச்சான் நின்றிருந்தான். நானும் கண் இமைக்காமல் வலது என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.

நோனா தாள்களைப் புரட்டிப் பார்த்தார். இத்தனை பேரில் ஒருவர்கூட இல்லாமல் இருக்க முடியாதே என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். கோபப்படவில்லை. வழியில் வாங்கிவந்த ரம்புட்டான் கூடையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தை ஒட்டிய கூரையின் கீழ் போய் நின்று, வந்ததற்கு நன்றி, ஆளுக்கொரு பழம் என்று வரிசையாக எறிய ஆரம்பித்தார். பழம் பறந்து வரும்போது யாருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது? என் மனைவி நொட்டாங்கையால் டப்பென்று பிடித்தாள். பிடித்த பிறகுதான் கையைப் பார்த்தாள், அவசரமாகப் பழத்தைச் சோத்தாங்கைக்கு மாற்றினாள்.

அடுத்து மச்சான். அவனுக்கு எறிந்த பழம் தலைக்கு மேலே போனது. எம்பி, கிரிக்கெட் ஆட்டக்காரன் போல ஒரே கையால் பிடித்தான். அதுவும் நொட்டாங்கை.

என் மனைவி பார்த்துவிட்டாள். "அண்ணே, அந்தக் கை நல்லா புடிக்குதே."

"சோத்தாங்கையில கொட இருந்திச்சு" என்றான்.

"கொட ஆணியில தொங்குதுண்ணே."

அதோடு சிரிப்பு வெடித்தது. அப்புறம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கும்தான், என் மகளுக்கும்தான் என்று ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தாளில் பேர் இல்லை, தோட்டத்துக்கு எதுவும் போகாது என்று நோனா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பிறகு மூளையைப் பற்றி விளக்கினார். எனக்கு அதற்குத் தமிழ் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னேன்: "மூளைங்கிறது நம்ம ரெட்ட லயம் மாதிரி. முதுகோட முதுகு ஒட்டின ரெண்டு காம்பரா. இடப்பக்கத்துக் காம்பராக்காரன் சோத்தாங்கைய நடத்துறான். வலப்பக்கத்துக்காரன் நொட்டாங்கைய நடத்துறான். எந்தக் காம்பராக்காரனுக்கு வேல நல்லா வருதோ, அந்தக் கைதான் முந்தும். அது குத்தம் இல்ல."

கரண்டியால் சாப்பிடக் காய்ச்சலா என்று கேட்ட அக்கா உடனே, "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு காம்பராவும் பூட்டியில்ல கெடக்கு" என்றாள். நான் மொழிபெயர்த்ததும் நோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக வரிசையை எண்ணி என் மனைவியின் தாளைத் தேடி எடுத்து, நான் போட்ட கோட்டை அடித்து, பக்கத்துக் கட்டத்தில் போட்டேன்.

மழை விட்ட முதல் காலை மச்சான் அவளுடைய மலைக்குப் போனான். ஆள் பார்க்காதபோது தானும் நொட்டாங்கையால்தான் வெட்டுவதாகவும், யாராவது வந்தால் கையை மாற்றிக்கொள்வதாகவும் ஒத்துக்கொண்டான். மாற்றிப் பிடிப்பது எப்படி என்று காட்டினான். வெட்டின் சாய்வு அதேதான். கத்தியின் பிடி இடக்கையில், தாங்கலுக்கு வலக்கை, அடியெடுத்து வைப்பது மற்றக் காலில். "மரத்துக்குச் சாய்வு சரியா இருந்தா போதும் தங்கச்சி. எந்தக் கைன்னு அது கேக்காது. கண்டக்டர் ஐயா கேட்டா பாத்துக்குவோம்."

கண்டக்டர் ஐயா மாத முடிவில் வந்தார். மரம் மரமாகக் குனிந்து பார்த்தாராம். புதுக் காயம் இல்லை. ஆனால் நம்பாமல், ஒரு மரத்தை என் கண் முன்னால் வெட்டு என்றாராம். அவள் மச்சானைப் பார்த்தாள். மச்சான் மரத்தைப் பார்த்தான். சோத்தாங்கையால் வெட்டினால் காயம் விழும், நொட்டாங்கையால் வெட்டினால் என்ன சொல்வாரோ தெரியாது. கத்தியை நொட்டாங்கையில் எடுத்தாள். சுருள் அறாமல் வந்தது. பால் கோடாக இறங்கி, மரத்தில் கட்டியிருந்த சிரட்டையில் விழுந்தது.

"நொட்டாங்கையா?"

"ஆமாங்க ஐயா."

அவர் வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, "காயம் இல்ல. பேரப் பதிஞ்சிரு" என்றார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் ஸ்டோரிலிருந்து புகை நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தபோது அவள் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி நொட்டாங்கையில். போச்சு, பேர் பதியவில்லை, இன்றைக்கு வீட்டில் இடிதான் என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

அன்றிலிருந்து கரண்டி அந்தக் கையை விட்டு இறங்கவே இல்லை. அவள் எப்போது கோபமாக இருக்கிறாள் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.