வேர்ச்சொல்லாரும் கப்பல்காரியின் பல்லும்

மைத்துனரின் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பதுதான் வேர்ச்சொல்லாருக்கு வேலை. அவர் செய்துவந்ததோ உலக மொழிகளுக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பது. எந்த நாட்டுச் சொல் காதில் விழுந்தாலும் அதைப் பிய்த்து உரித்து, "நம்ம சொல்தான்" என்று முடித்துவிடுவார். வேற்றுமொழி ஒன்றில்கூட ஒரு வாக்கியம் தெரியாதது அவருக்கு வசதியாகவே இருந்தது. காத்திருப்பவர்கள் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வாய் திறக்க முடியாதவர்கள் எதிர்த்தா பேசப் போகிறார்கள்?

மனைவி தம்பியிடம் கெஞ்சி இந்த வேலையை வாங்கித் தந்ததே, பகலிலாவது வீட்டில் சத்தம் ஓயட்டும் என்றுதான்.

ஒருநாள் துறைமுகத்திலிருந்து ஒரு ரஷ்யப் பெண் வந்தாள். கப்பலில் சமையல்காரி, கடைவாய்ப் பல் அழுகிப் போயிருந்தது. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார். சற்றுப் பொறுத்து, பல்லைத் தட்டி, முகத்தைச் சுளித்துக் காட்டி, "வலிக்குதா?" என்றார்.

"தா! தா!" என்றாள் அவள்.

டாக்டர் விழித்தார். விழித்ததோடு நிறுத்தியிருக்கலாம். "அத்தான், கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டுத் தொலைத்தார்.

வேர்ச்சொல்லார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவரைத் தேடி ஒரு மொழி வருவது அதுதான் முதல் தடவை.

"இதுகூடப் புரியலையா மாப்ள? 'தா'ன்னா குடு. பல்லைப் புடுங்கிக் கையில குடுங்கறா. தைரியமா இழுங்க."

"அவ முகம் அப்படிச் சொல்லலையே அத்தான்?"

"மொழியை நான் பாத்துக்கறேன். நீங்க பல்லைப் பாருங்க."

படித்த டாக்டர் இழுத்தார். அவள் அலறிய அலறலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. உதைத்த உதையில் கருவித்தட்டு பறந்து வேர்ச்சொல்லாரின் முழங்காலில் விழுந்தது. வெளியே காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கணமே வலி பறந்துபோக, அவர்கள் நடையைக் கட்டினார்கள்.

வாசலில் போன் பேசிக்கொண்டிருந்த கப்பல் கம்பெனி ஆள் உள்ளே ஓடிவந்து, நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், அவங்க மொழியில 'தா'ன்னா 'ஆமாம்'யா! வலிக்குதுன்னு சொல்ற பொம்பளைக்கா பல்லைப் புடுங்குவீங்க?"

டாக்டர் மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஊசி போட்டு, இம்முறை பொறுமையாக வேலையை முடித்தார். வேர்ச்சொல்லார் முழங்காலைத் தடவியபடி, "ஆமாங்கறவன்தானே குடுப்பான்? ரெண்டுக்கும் ஒரே வேர்தான் மாப்ள. நான் சொன்னதுல தப்பில்ல" என்றார்.

"நாளையிலருந்து நீங்க வர வேணாம் அத்தான்."

வீட்டுக்குப் போய், "வேலையை உதறிட்டேன். அறிவுக்கு அங்க மரியாதை இல்ல" என்றார். தம்பி ஏற்கெனவே போனில் எல்லாம் சொல்லியிருந்தான். மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

அவருக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

இப்போது டோக்கன் கொடுக்க மனைவிதான் போகிறாள். வேர்ச்சொல்லார் பூங்காவில், நடக்க வருகிறவர்களை மடக்கி உட்காரவைத்துப் பேசுகிறார். தலையாட்டுவதற்கு ஆள் கிடைக்காமலா போய்விடும்? சிலர் குறிப்புகூட எடுக்கிறார்களாம்.