அகோசிதா நீட்டிய திமிங்கிலப் பல்

எங்கள் அகோசிதாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. லாவு தீவுகளிலிருந்து படகேறி வந்து, தலைநகர் சுவாவின் ஓரத்துச் சதுப்பு நிலத்தில் எங்களோடு தகர வீடு போட்டவள். பகலெல்லாம் தையல் ஆலையில் சட்டைக் காலர் தைப்பாள். எங்கள் நாற்பது வீட்டுக்கும் தேவாலயத்துப் பின்னால் ஒற்றைக் குழாய். அதிலும் பாதி நாள் வெறும் காற்றுதான் வரும். மகன் ஜோவிலி டைபாய்டில் இருபது நாள் கிடந்து எழுந்த பிறகு, வீட்டுக்கு வீடு குழாய் வராமல் விடுவதில்லை என்று கிளம்பினாள்.

தண்ணீர் இலாகாவுக்கு ஏழு வருஷம் மனுக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: நிதி இருந்தால் உதவுவோம், உரிமை என்று எழுதித் தர முடியாது. உதவியாம், பெரிய உதவி! எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நாலு பேர் கேள்வி கேட்பார்களே, அந்தப் பயம்.

கடைசியில் பெனாயா என்ற அதிகாரி இடம் பார்க்க வந்தார். பாயில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அகோசிதா ஒரு திமிங்கிலப் பல்லை இரு கையிலும் ஏந்தி அவர் முன் மண்டியிட்டாள். ஜோவிலி கல்யாணத்தில் பெண்வீட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த ஒரே பல்.

வரவேற்புக்குத் தருவது என்று நினைத்துவிட்டார் மனுஷன். அவள் வாய் திறக்குமுன் வாங்கி முத்தமிட்டு, "ரொம்ப சந்தோஷம்" என்றார். வாங்கியாயிற்று என்பதற்குச் சாட்சியாக நாங்கள் கை குவித்துத் தட்டிவிட்டோம். பல்லை வாங்கியவர் கேட்டதைச் செய்தே தீரவேண்டும். எங்களில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது.

"சந்தோஷம் இருக்கட்டும் சார். தண்ணி இந்த ஜனங்களோட உரிமைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றாள் அகோசிதா.

அவர் முகம் செத்துப்போனது. "அக்கா, அது மேலிடத்து விஷயம். எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப பல்லைத் திருப்பிக் குடுத்துட்டுக் கிளம்புங்க. உங்க அம்மாவும் லாவுதானே? வாங்கின பல்லைத் திருப்பிக் குடுத்தார்னு சேதி அடுத்த படகுலயே போயிரும்."

அவருடைய டிரைவர் மெல்லச் சொன்னார்: "திருப்பிக் குடுத்தீங்கன்னா நடந்துதான் வரணும் சார்."

எழுதினார். 'நிதி வசதிக்கேற்ப' என்று ஆரம்பித்ததை அவள் விரல் வைத்துக் காட்டினாள். அதையும் அடித்தார்.

மேலிடம் அந்தத் தாள் செல்லாது என்றது. வழக்குப் போட்டாள். பெனாயாவே கூண்டில் ஏறி, "பல்லை வாங்கிட்டேன். இனி இல்லைன்னு சொல்ல என்னால முடியாது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நாங்கள் மன்னித்துவிட்டோம். தீர்ப்பு எங்கள் பக்கம். பதினொரு மாதத்தில் நாற்பது வீட்டுக்கும் நாற்பது குழாய்!

திறப்பு விழாவுக்கு அமைச்சகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மைக்கை நீட்டி, "அரசாங்கத்துக்கு நன்றி சொல்லி நாலு வார்த்தை பேசும்மா" என்றார்.

அகோசிதா குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்துக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நன்றி எதுக்குங்க? எங்களோடது எங்களுக்கு வந்திருக்கு. இவ்வளவு லேட்டானதுக்கு நீங்கதான் மன்னிப்புக் கேக்கணும்."

கேட்டார். அதே மைக்கில், நாங்கள் எல்லோரும் கேட்க.